யாருக்கு நெக்லிஜிபல்?

கொஞ்ச நாளைக்கு முன் எங்களில் மூன்று பேர் எம்பிலிப்பிட்டியவில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தோம். இறக்குவானைப் பக்கத்திலிருந்து இறங்கி, மாதம்பைச் சந்தியில் பஸ் மாறி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். இளைஞர்களுக்கான சிறுதொழில் பயிற்சி. பேச்சு சிங்களத்தில், ஸ்லைட் ஆங்கிலத்தில். பதினோரு மணியளவில் ஒரு ஸ்லைட் வந்தது. அந்தப் பிரதேசத்தில் எந்தெந்த இனத்தவர் எவ்வளவு பேர் என்று ஒரு அட்டவணை. மற்ற வரிகளுக்கு நேரே எண் இருந்தது. தமிழர் என்ற வரிக்கு நேரே எண் இல்லை, ஒரு சொல்தான் இருந்தது: நெக்லிஜிபல்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். அதில் நாங்கள் மூன்று பேர். கணக்குப் பார்த்தால் ஏழரை வீதம். ஏழரை என்றாலே நம்ம ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு, அது வேறு கதை.

ஸ்லைட் போட்டவர் கெட்ட மனிதர் இல்லை. தமிழில் மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்யாததற்கு அந்தச் சொல்லையே காரணமாகச் சொல்லிவிட்டு, இடைவேளையில் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எங்களுக்கும் சிங்களம் விளங்கும், அதனால் அன்றைக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வாக்குவாதம் தொடங்கியது.

"அவர் சொன்னது உண்மைதானே. எம்பிலிப்பிட்டியவுல நம்ம ஆளுங்க எத்தன பேரு இருக்காங்க? கொஞ்சம்தானே" என்றான் ஒருவன்.

"கொஞ்சம்னா கொஞ்சம்னு போடலாமே. ஸ்மால்னு போடலாம். இல்லாட்டி நம்பரையே போடலாம். ஏன் நெக்லிஜிபல்?" என்றாள் இன்னொருத்தி.

இறக்குவானை வரும்வரை அது தீரவில்லை. வீட்டுக்கு வந்தும் தீரவில்லை. அந்த வாக்குவாதத்தின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நெக்லிஜிபல் என்பது ஒரு பொருளின் அளவைச் சொல்லும் சொல் கிடையாது. அந்தப் பொருளை விட்டுவிடலாம் என்று ஒருவர் எடுத்த முடிவைச் சொல்லும் சொல்.

பொறுக்காமல் விட்டது

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அதற்குள்ளே இருப்பது நெக்லெக்ட். அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் இரண்டு துண்டுகள். ஒன்று 'இல்லை' என்று சொல்லும் துண்டு. மற்றது 'லெகெரே' என்ற வினை. லெகெரே என்றால் பொறுக்குவது, பறிப்பது, சேர்த்து எடுப்பது. ஆக நெக்லெக்ட் என்றால் பொறுக்காமல் விடுவது. கடைசியில் இருக்கும் 'இபல்' என்ற வால் 'செய்யலாம்' என்ற அனுமதியைக் கொடுக்கிறது. நெக்லிஜிபல் என்றால் பொறுக்காமல் விட்டுவிடலாம்.

கொழுந்து பறிக்கிற குடும்பங்களில் பிறந்த எங்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் இருக்க முடியாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற கைக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும். முத்தின இலையை விடுகிறோம் என்றால் அது சின்னது என்பதால் இல்லை. சொல்லப்போனால் அது கொழுந்தைவிடப் பெரியது. அந்தத் தேயிலைத்தூளுக்கு அது வேண்டாம் என்பதால் விடுகிறோம்.

அதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இன்னும் சில சொற்கள் வந்திருக்கின்றன. கலெக்ட், சேர்த்து எடுப்பது. செலெக்ட், பிரித்து எடுப்பது. எலெக்ட், பலரிலிருந்து ஒருவரைப் பொறுக்கி எடுப்பது. எலெக்ட்டும் நெக்லெக்ட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்னது என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஸ்மால் என்பது வெறும் அளவு. ட்ரிவியல் என்பதற்குப் பின்னால் மூன்று வழிகள் கூடும் சந்தி இருக்கிறது. சந்தியில் நின்று பேசுகிற சில்லறைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். பெட்டி கேஷ் என்பதில் வரும் பெட்டி, 'சின்ன' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம பெட்டிக்கடையில் இருப்பது மரப்பெட்டி. இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தாலும் சொந்தக்காரர்கள் இல்லை. இந்தக் கூட்டத்தில் நெக்லிஜிபல் மட்டும்தான் வாலில் ஒரு அனுமதிச் சீட்டைக் கட்டிக்கொண்டு வருகிறது.

தமிழில் இதற்கு எங்கள் பாடப்புத்தகம் தந்த சொல் 'புறக்கணிக்கத்தக்க'. புறம், கணி. கணக்குக்கு வெளியே வைப்பது. தேர்தல் புறக்கணிப்பு என்று சொல்லும்போதும் இதே சொல்தான். அங்கே யாரோ ஒருவர் வேண்டுமென்றே செய்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. தமிழ்ச் சொல் உண்மையை மறைக்கவில்லை. நெக்லிஜிபல் என்று ஆங்கிலத்தில் சொன்னால்தான் அது யாரும் செய்யாத வேலை மாதிரி, தானாக நடந்த மாதிரி, மழை பெய்த மாதிரி கேட்கிறது.

பௌதிகவியல் பரீட்சையின் நேர்மை

இந்தச் சொல்லை நேர்மையாகப் பாவிக்கிற ஒரு இடம் எங்களுக்குத் தெரியும். உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாள். 'இழையின் திணிவு புறக்கணிக்கத்தக்கது', 'வளித்தடை புறக்கணிக்கத்தக்கது' என்று வரும். அங்கே மூன்று விசயம் சரியாக இருக்கும்.

முதலாவது, எதோடு ஒப்பிட்டு என்பது தெரியும். தொங்குகிற குண்டோடு ஒப்பிட்டால் இழையின் திணிவு மிகச் சிறியது. இரண்டாவது, எந்தக் கணக்குக்கு என்பது தெரியும். இந்த வினாவுக்கு மட்டும்தான். அடுத்த வினாவில் அதே இழைக்குத் திணிவு வந்துவிடலாம். மூன்றாவது, யார் முடிவெடுத்தது என்பதும் தெரியும். வினா எழுதியவர், வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டுத்தான் விடுகிறார்.

கல்லை மேலே இருந்து போட்டால் வளித்தடையை விட்டுவிடலாம். அதே இடத்திலிருந்து ஒரு தேயிலை இலையைப் போட்டால் விடமுடியாது, அது ஆடி அசைந்து இறங்கும். வளி அதே வளிதான். விழுகிற பொருள் மாறினதும் நெக்லிஜிபல் செல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால் மூன்று கேள்வி கேட்கலாம். எதோடு ஒப்பிட்டு? எந்தக் கணக்குக்கு? யார் முடிவெடுத்தது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் சொல் சரி. இல்லாவிட்டால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது.

தராசடியில்

இந்த மூன்று கேள்வியோடு தராசடிக்குப் போவோம். பல தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்றும், இலையில் இருக்கும் தண்ணிக்கு என்றும் கொஞ்சம் கழிப்பார்கள். சாக்குக்கு நிறை உண்டு, மழையில் நனைந்த இலையில் தண்ணீர் உண்டு, அது நியாயம். ஆனால் காய்ந்த வெயில் நாளிலும் அதே கழிவு. கேட்டால், "ஒரு கிலோ ஒரு விசயமா?" என்பதுதான் பதில்.

ஒரு கிலோ ஒரு விசயமா என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவருக்கு நாளைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழிகிறது என்று வைப்போம். மாதம் 20 நாள் வேலை என்றால் 20 கிலோ, வருசத்துக்கு 240 கிலோ. மேலதிக கிலோவுக்கு 50 ரூபாய் என்று எடுத்தால் வருசம் 12,000 ரூபாய். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து, கொப்பி, புத்தகப்பை எல்லாம் அதற்குள் வந்துவிடும். இதே தோட்டத்தில் 200 பேர் கொழுந்து எடுத்தால் மாதத்துக்கு 4,000 கிலோ பச்சைக்கொழுந்து. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து என்ற அளவில் பார்த்தால், கிட்டத்தட்ட 900 கிலோ தூள். தூள் ஏலத்துக்குப் போகும்போது அந்த 900 கிலோவை யாரும் நெக்லிஜிபல் என்று கணக்கில் எடுக்காமல் விடப்போவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் பெயர் 'பேர்'. எடுக்கவேண்டிய கிலோவை எடுத்தால் முழுப்பேர், எடுக்காவிட்டால் அரைப்பேர். 18 கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் பதினேழரை நின்றால் அரைப்பேர்தான். அந்த அரைக் கிலோவை யாரும் "இது ஒரு விசயமா?" என்று விடுவதில்லை. எங்களில் ஒருத்தியின் சித்தி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "கழிக்கிறப்ப ஒரு கிலோ ஒண்ணுமில்லடி. கொறையிறப்ப கால் கிலோவும் கிலோதான்."

இதைவிடத் தெளிவாக ஒரு அகராதி சொல்லிவிட முடியாது. அதே தராசு, அதே கொழுந்து. எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்து அளவு சிறியதாகிறது, பெரியதாகிறது.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு தராசும் இருக்கிறது. இரத்தினபுரியில் மாணிக்கக் கல் நிறுக்கிற தராசு. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். அதையும் நூறாகப் பிரித்து ஒரு புள்ளிக்கு 2 மில்லிகிராம் என்று பார்ப்பார்கள். ஒரு புள்ளியை நெக்லிஜிபல் என்று ஒரு மாணிக்க வியாபாரியிடம் சொல்லிப் பாருங்கள். தராசடியில் ஒன்றுமில்லை என்று கழிகிற ஒரு கிலோவில் 5,000 கரட் இருக்கிறது.

பத்தில் ஒரு ஆளுக்கு மேல்

சரி, கொழுந்தை விடுங்கள். ஆட்களின் கணக்குக்கு வருவோம். அந்த ஸ்லைட்டைப் பார்த்து "ஆள் கொஞ்சம்தானே, அதனால விட்டாங்க" என்று எங்கள் நண்பன் சொன்னான் இல்லையா? அது சரியென்றால் ஆள் நிறைய இருந்தபோது நம்மை விட்டிருக்கக் கூடாது.

1946 குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டில் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்கள் 780,589 பேர். 11.7 வீதம். பத்தில் ஒரு ஆளுக்கு மேல். 1947 தேர்தலில் வாக்களித்தோம், இலங்கை இந்தியக் காங்கிரஸ் பாராளுமன்றத்தில் ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைப் பத்திரம் காட்டி நிரூபிக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்தவர்களுக்கு எங்கே பத்திரம்? பிறகு வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து நம்ம ஆள் ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. எலெக்ட்டும் நெக்லெக்ட்டும் ஒரே வேர் என்று சொன்னோமே, அந்த ஐந்து வருடத்தில் முதலாவது போய் இரண்டாவது வந்தது.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கெடுத்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல், ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்லாம் ஆயிரத்துக்கு முழுமைப்படுத்திய எண்கள். ஒன்றரை இலட்சம் பேர் பத்து வருடம் 'மீதி'யாக இருந்தார்கள். மீதியாக இருந்தவர்களுக்குள் கல்யாணம் நடந்திருக்கும், பிள்ளை பிறந்திருக்கும், சாவு விழுந்திருக்கும். எந்தப் பக்கம் போக விருப்பம் என்று அந்த ஒப்பந்த மேசையில் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நாடற்றவர் என்ற நிலையை முடிக்க 1988இல் ஒரு சட்டமும், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் வேண்டியிருந்தது. 1948இலிருந்து 2003 வரை எண்ணிப் பாருங்கள், 55 வருடம்.

2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 4.1 வீதம். 11.7 எப்படி 4.1 ஆனது? கப்பலேற்றி அனுப்பியது ஒரு காரணம். இருந்தவர்களில் பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டது இன்னொரு காரணம். எப்படியோ, இன்றைக்கு 'கொஞ்சம்' என்று சொல்கிற அந்தக் கொஞ்சம் தானாக விளைந்தது இல்லை. நிறையப் பேராக இருந்தபோதும் கணக்குக்கு வெளியே வைத்தார்கள், வெளியே வைத்ததால் குறைந்தோம், இப்போது குறைவு என்பதையே காரணமாகக் காட்டுகிறார்கள்.

சொல் தன்னைத்தானே உண்மையாக்கும்

இதுதான் அந்தச் சொல்லில் எங்களுக்குப் பெரிய பயம். தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் என்று தமிழ் ஆசிரியர் போடுவதில்லை. ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் பிள்ளையைச் சிங்கள மொழிமூலத்தில் சேர்க்கிறார்கள், அல்லது படிப்பை நிறுத்திக் கடைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வருடம் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம். தமிழில் எழுதிக் கேட்பவர் கொஞ்சம் என்று தமிழ்ப் படிவம் அச்சடிப்பதில்லை. படிவம் இல்லாததால் யாரும் தமிழில் எழுதிக் கொடுப்பதில்லை. பார்த்தீர்களா, தமிழில் யாருமே கேட்கவில்லையே என்று பிறகு சொல்லலாம்.

ஆனால் நாட்டின் சட்டம் இந்த விசயத்தில் அந்த ஸ்லைட்டைவிடத் தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இரண்டு வகை ஏற்பாடு உண்டு. ஒரு பிரதேச செயலாளர் பிரிவை இருமொழிப் பிரிவாக அறிவிப்பதற்கு அங்கே சிறுபான்மை மொழி பேசுபவர்களின் விகிதத்தைப் பார்க்கலாம் என்கிறது ஒன்று. அதற்கு எண் தேவை, சரி. இரண்டாவது ஏற்பாடு வேறு. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் எந்தப் பகுதியிலும், ஒரு ஆள் அரச அதிகாரியோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் உரித்துடையவர். 'ஒரு ஆள்' என்றுதான் இருக்கிறது. எத்தனை வீதம் என்ற கேள்வியே அங்கே கிடையாது. எம்பிலிப்பிட்டியவில் ஒரே ஒரு தமிழ் ஆள் இருந்தாலும் அந்த உரிமை முழுசாக இருக்கிறது. அரைப்பேர் இல்லை, முழுப்பேர்.

நாங்களும்தான்

மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் தப்பிக்கக் கூடாது. மலையகம் என்று எழுதும்போது எங்கள் கை தானாக ஹட்டன், நுவரெலியா என்றுதான் போகிறது. பஸ்ஸில் வாக்குவாதம் பண்ணிய பிறகு நாங்கள் இதுவரை எழுதிய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தோம். சப்ரகமுவ பற்றி எழுதியது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. நாங்களே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தும் இதுதான் நிலைமை. கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டுபவர்கள், ஊர்க்காரர்களின் சின்னத் தோட்டங்களில் நாள் கூலிக்குப் போகிறவர்கள், எம்பிலிப்பிட்டிய கடைகளில் கணக்கு எழுதுகிற, மூட்டை தூக்குகிற நம்ம பையன்கள். சிதறிக் கிடக்கிறார்கள், ஒரு இடத்தில் கூட்டமாக இல்லை. அதனால் 'மலையகப் பிரச்சினை' என்ற தலைப்புக்குள் அவர்கள் வருவதே இல்லை. நாங்கள் அந்தச் சொல்லை எழுதவில்லை. அந்த வேலையைச் செய்திருக்கிறோம்.

தோட்டத்துக்குள்ளும் பாருங்கள். கூட்டத்தில் பொம்பளைங்க சொல்கிற கழிவறைப் பிரச்சினை 'பிறகு பார்க்கலாம்' பட்டியலுக்குப் போகும். ஆம்பளைங்க சொல்கிற கோயில் கணக்கு இரவு பத்து மணிவரை ஓடும். அங்கேயும் யாரோ ஒருவர் எதைப் பொறுக்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கிறார்.

அதற்காக இந்தச் சொல்லையே தூக்கிப் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எதையுமே விடாமல் ஒரு கணக்கும் போட முடியாது, ஒரு கொழுந்தும் பறிக்க முடியாது. பொருளுக்குப் பாவியுங்கள், பரீட்சையில் பாவியுங்கள். இழைக்கும் வளிக்கும் அதனால் வருத்தம் வராது. ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எண்ணைப் போடுங்கள். 300 என்றால் 300. 12 என்றால் 12. எண்ணைப் பார்க்கிறவர்கள், அந்தப் பன்னிரண்டு பேருக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். நெக்லிஜிபல் என்று போட்டால் அந்த யோசனையை நீங்களே முன்கூட்டி முடித்துவைத்துவிட்டீர்கள்.

அந்தப் பட்டறை நடத்தியவர்களுக்கு மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், தமிழில். அடுத்த முறை அந்த அட்டவணையில் தமிழர் என்ற வரிக்கு நேரேயும் ஒரு எண் போடச் சொல்லி. என்ன எண் போடுவது என்று தெரியாவிட்டால், அன்றைக்கு வந்திருந்த மூன்று பேரிலிருந்து எண்ணத் தொடங்கலாம் என்றும் எழுதியிருக்கிறோம்.